இன்டிசைனில் தமிழ்ப் புத்தகம்: ஸ்டைல்களை ஒழுங்காக அமைக்கும் முறை

240 பக்கத்துக்கு லே-அவுட் முடிந்துவிட்டது. மூன்று மெய்ப்பும் பார்த்தாயிற்று. அச்சுக்கு அனுப்பும் நாளில் பதிப்பாளர் கேட்கிறார்: “எழுத்து கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறதே, அரை பாயின்ட் கூட்டிவிடலாமா?” புத்தகப் பக்கங்களை அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பு) ஒழுங்காக அமைந்த கோப்பில் இது இரண்டு நிமிட வேலை. பக்கங்கள் நகர்ந்ததைப் பார்த்துச் சரிசெய்ய மேலே ஒரு மணி நேரம் ஆகலாம். கையால் தேர்ந்து தேர்ந்து அளவு கொடுத்த கோப்பில் இரண்டு ராத்திரி போகும். அப்படியும் எங்கோ ஒரு மேற்கோள் பழைய அளவிலேயே அச்சாகி வரும்.

பாரா ஸ்டைல் ஒரு பத்தி முழுவதற்குமானது. எழுத்துரு, அளவு, லீடிங் (வரி இடைவெளி), உள்தள்ளல், ஓரச் சீர் எல்லாம் அதற்குள் அடங்கும். கேரக்டர் ஸ்டைல் பத்திக்குள் இருக்கும் சில சொற்களுக்கு மட்டும். இன்டிசைனுக்கு முந்திய பேஜ்மேக்கர் மென்பொருளில் பாரா ஸ்டைல் மட்டுமே இருந்தது. அங்கே பழகியவர்கள் இன்றும் தடித்த எழுத்தைக் கையால்தான் போடுகிறார்கள். இன்டிசைனில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது டெமி 1/8 அளவில், அதாவது 5.5 × 8.5 அங்குலத்தில், ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் அமையும் ஒரு கட்டுரைத் தொகுப்பு. நாவலுக்கும் பாடநூலுக்கும் அளவுகள் மாறும், முறை மாறாது.

கம்போசரும் மொழியும் முதலில்

இன்டிசைனில் வரிகளைக் கோக்கும் கம்போசர்களில் நாம் அறிய வேண்டியவை இரண்டு. அடோபி பாராகிராஃப் கம்போசர் ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு. தமிழுக்கு வேண்டியது அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர். இந்திய மொழிகளுக்கு அது 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல் கிடைக்கிறது. சாதாரணக் கம்போசரில் தமிழைப் போட்டால் ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ சிதறும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஒன்றுசேராது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துருவை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. எதை மாற்றினாலும் கொம்பு அங்கேயேதான் நிற்கும்.

இதைக் கோப்புதோறும் சரிசெய்யத் தேவையில்லை. எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டு, இன்டிசைனை மட்டும் திறந்து வையுங்கள். எஃப் 11 அழுத்தினால் பாராகிராஃப் ஸ்டைல்ஸ் பேனல் வரும். மேக்கில் கமாண்டுடன் எஃப் 11. அதில் பேசிக் பாராகிராஃப் என்பதை வலது கிளிக் செய்து எடிட் கொடுத்து, ஜஸ்டிஃபிகேஷன் பக்கத்தில் கம்போசரை வேர்ல்ட்-ரெடி ஆக்குங்கள். அட்வான்ஸ்டு கேரக்டர் ஃபார்மட்ஸ் பக்கத்தில் மொழியைத் தமிழாக மாற்றுங்கள். கோப்பு எதுவும் திறக்காதபோது செய்யும் மாற்றம் இனிமேல் உருவாக்கும் எல்லாப் புதுக் கோப்புகளுக்கும் இயல்பாகிவிடும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை அது தொடாது.

பேசிக் பாராகிராஃபை இப்படிச் சரிசெய்தாலும் அதன் மேல் புத்தகத்தைக் கட்ட வேண்டாம். அந்த ஸ்டைல் ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைச் சார்ந்து அமைத்த ஸ்டைலோடு ஒரு பத்தியை வேறு கோப்பில் ஒட்டினால், அந்தக் கோப்பின் பேசிக் பாராகிராஃப் குணங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். வேறெந்த ஸ்டைலும் இடாத பெட்டிகளிலும் அட்டவணைகளிலும் கொம்பு இடம் மாறாமல் இருக்கவே இந்த முன்னேற்பாடு.

தாய் ஸ்டைலும் பிள்ளைகளும்

புதுக் கோப்பில் முதலில் ‘தாய்’ என்று ஒரு பாரா ஸ்டைல் உருவாக்குங்கள். பேஸ்டு ஆன் என்ற இடத்தில் நோ பாராகிராஃப் ஸ்டைல் என்று இருக்கட்டும். இதை எந்தப் பத்திக்கும் நேராகப் போடப் போவதில்லை. புத்தகம் முழுக்கப் பொதுவானதை மட்டும் இதற்குள் வையுங்கள்: எழுத்துருக் குடும்பம், தமிழ் மொழி, வேர்ல்ட்-ரெடி கம்போசர், ஹைஃபனேஷன் (வரி முடிவில் சொல்லைக் கோடிட்டு உடைப்பது), ஜஸ்டிஃபிகேஷன் (வரியை இருபுறமும் சீராக்குவது) எண்கள். நோ பாராகிராஃப் ஸ்டைலிலிருந்து பிறப்பதால் கம்போசரை இங்கே மறுபடியும் கொடுத்தாக வேண்டும். பேசிக் பாராகிராஃபில் கொடுத்தது இதற்கு வராது.

ஜஸ்டிஃபிகேஷன் எண்களில் அவசரம் கூடாது. தமிழில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது’ போன்ற நீண்ட சொற்கள் சாதாரணம். இருபுறமும் சீராக்கிய வரியில் அப்படி ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால் மேல் வரியில் பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். சொல் இடைவெளியைக் குறைந்தது 75, விரும்புவது 100, அதிகபட்சம் 150 என்று கொடுக்கலாம். எழுத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளிஃப் ஸ்கேலிங் 98, 100, 102. லெட்டர் ஸ்பேசிங் மூன்றும் 0. இந்தப் பூஜ்யத்தை மாற்ற ஆசைப்படாதீர்கள். கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக நிற்கும் எழுத்தில் இடைவெளியை நீட்டினால் சொல்லின் உருவமே குலைகிறது.

ஹைஃபனேஷனை அணைத்துவிடுவது நல்லது. தமிழ் இதழ்களும் நாளிதழ்களும் சொல்லை உடைக்கும்போது பெரும்பாலும் கோடு போடுவதில்லை. அப்படிக் கோடு இல்லாமல் உடைக்க, டைப் மெனுவில் இன்சர்ட் பிரேக் கேரக்டர் போய் டிஸ்கிரிஷனரி லைன் பிரேக் கொடுங்கள். பத்தி நகர்ந்து அந்த இடம் வரியின் நடுவே வந்துவிட்டாலும் அது கண்ணுக்குத் தெரியாது. முழு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் வையுங்கள். மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் இடையே வைத்தால் எழுத்து உடைந்துவிடும்.

அடுத்தது ‘உடல்’. தாயைச் சார்ந்தது. 11 பாயின்ட் எழுத்து, 16 பாயின்ட் லீடிங், முதல் வரி உள்தள்ளல் 5 மில்லிமீட்டர். ஆங்கிலப் புத்தகத்துக்கு 11-க்கு 13.5 போதும் என்பதைப் பார்த்துத் தமிழுக்கும் அதையே கொடுத்தால், மேல் வரியின் ‘ழு’, ‘நூ’ கீழே இறங்க, கீழ் வரியின் ‘கீ’, ‘தீ’ மேலே ஏற, இரண்டும் உரசும். லீடிங்கை எப்போதும் எண்ணாகக் கொடுங்கள். ஆட்டோ என்று விட்டால் எழுத்தளவில் 120 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 11-க்கு அது 13.2. அதோடு இன்டிசைனில் லீடிங் எழுத்துக்கு எழுத்து மாறக்கூடியது. வரிக்குள் ஒரே ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் அந்த வரி மட்டும் விலகி நிற்கும்.

உடலிலிருந்து பிறப்பது ‘முதல் பத்தி’. ஒரே வித்தியாசம் முதல் வரி உள்தள்ளல் 0. ‘மேற்கோள்’ என்பதும் உடலிலிருந்தே: 10 பாயின்ட், இடது உள்தள்ளல் 8 மில்லிமீட்டர். ‘கவிதை’யில் இடது உள்தள்ளல் 12, முதல் வரி கழித்தல் 4, இடதுபக்கச் சீர் மட்டும், நீண்ட அடி மடங்கினால் மடங்கிய பகுதி உள்ளே தள்ளி நிற்கும், அடுத்த அடி என்று யாரும் குழம்ப மாட்டார்கள். ‘உபதலைப்பு’, ‘அத்தியாயத் தலைப்பு’, ‘அடிக்குறிப்பு’ மூன்றும் நேராகத் தாயிலிருந்து.

ஏன் இப்படிப் பிரிக்கிறோம்? பிள்ளை ஸ்டைல் தாயிடமிருந்து மாறுபடுவதை மட்டும்தான் தன்னிடம் வைத்திருக்கும், மீதி எல்லாம் தாயைப் பார்த்தே ஓடும். உடலை 11-இலிருந்து 11.5 ஆக்கினால் முதல் பத்தி கூடவே 11.5 ஆகும். மேற்கோள் 10-லேயே நிற்கும், ஏனென்றால் அதற்கு அளவைத் தனியாகக் கொடுத்திருக்கிறோம். தலைப்புகள் அசையாது. எழுத்துருவை மாற்ற வேண்டுமானால் தாயில் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

ஒரு ஸ்டைல் தன் தாயை விட்டு எங்கெங்கே விலகியிருக்கிறது என்று தெரிய, ஸ்டைல் ஆப்ஷன்ஸில் ஜெனரல் பக்கத்தைப் பாருங்கள். கீழே உள்ள ஸ்டைல் செட்டிங்ஸ் பெட்டியில் தாயின் பெயரும், அதன்பின் கூட்டல் குறியிட்டு வித்தியாசங்களும் இருக்கும். முதல் பத்திக்கு அங்கே உள்தள்ளல் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். எழுத்துருவும் லீடிங்கும் நிறமும் வரிசையாக நின்றால் அது பேருக்குத்தான் பிள்ளை. ரீசெட் டு பேஸ் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வேண்டிய ஒரு வித்தியாசத்தை மட்டும் மறுபடி கொடுங்கள்.

கோட்டுக்குள் நிற்க வைத்தல்

தாளின் பின்பக்க வரிகள் முன்பக்க வரிகளுக்கு நேர் பின்னால் நின்றால்தான் மெல்லிய தாளில் படிக்க இதமாக இருக்கும். பிரெஃபரன்சஸில் கிரிட்ஸ் பக்கம் போய் பேஸ்லைன் கிரிட், அதாவது வரிகள் நிற்கும் கண்ணுக்குத் தெரியாத கோடுகளின் இடைவெளியை 16 பாயின்ட் ஆக்கி, தொடக்கத்தை மேல் மார்ஜினிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். உடல் ஸ்டைலில் இன்டென்ட்ஸ் அண்ட் ஸ்பேசிங் பக்கத்தில் அலைன் டு கிரிட் என்பதில் ஆல் லைன்ஸ் கொடுங்கள்.

கிரிட் 16 ஆக இருக்க, ஸ்டைலின் லீடிங்கை யாராவது 16.5 ஆக்கிவிட்டால் ஒவ்வொரு வரியும் அடுத்த கோட்டுக்குத் தாவி, வரி விட்டு வரி இருப்பது போலப் பக்கம் இரட்டிப்பாகிவிடும். “திடீரென்று லீடிங் 32 ஆகிவிட்டது” என்று பதறுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். லீடிங் மாறினால் கிரிட்டையும் மாற்றுங்கள்.

உபதலைப்புக்கு 13 பாயின்ட் எழுத்து, 16 பாயின்ட் லீடிங், ஸ்பேஸ் பிஃபோர் 16 பாயின்ட், கீப் ஆப்ஷன்ஸில் கீப் வித் நெக்ஸ்ட் 2 வரி. இந்த 2 இல்லாவிட்டால் உபதலைப்பு பக்கத்தின் அடியில் அநாதையாக நிற்கும். அத்தியாயத் தலைப்புக்கு கீப் ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட் பாராகிராஃப் என்பதை ஆன் நெக்ஸ்ட் ஆட் பேஜ் ஆக்கினால் ஒவ்வொரு அத்தியாயமும் தானே வலப்பக்கத்தில் தொடங்கும். என்டரை அழுத்தி அழுத்திப் பக்கம் தள்ளும் வேலை இல்லை.

அந்தத் தலைப்பைப் பக்கத்தில் கொஞ்சம் கீழே இறக்க ஸ்பேஸ் பிஃபோர் உதவாது. பெட்டியின் உச்சியில் வரும் பத்திக்கு இன்டிசைன் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பாராகிராஃப் ரூல்ஸ் பக்கத்தில் ரூல் அபவ் என்பதை இயக்கி, நிறத்தை நன் ஆக்கி, ஆஃப்செட் 40 மில்லிமீட்டர் கொடுத்து, கீப் இன் ஃபிரேம் என்பதை டிக் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு பெட்டிக்குள் நிற்க வேண்டும் என்பதால் தலைப்பு கீழே இறங்கும், எல்லா அத்தியாயத்திலும் ஒரே அளவில்.

நெக்ஸ்ட் ஸ்டைல் வசதியை இங்கேயே கட்டிவிடலாம். அத்தியாயத் தலைப்புக்கு அடுத்தது முதல் பத்தி, முதல் பத்திக்கு அடுத்தது உடல், உபதலைப்புக்கு அடுத்தது மறுபடி முதல் பத்தி. தட்டச்சு செய்யும்போது என்டர் அழுத்தினால் தானாக மாறும். ஏற்கெனவே ஓடிக்கிடக்கும் உரைக்கு, ஒரு அத்தியாயத்தைத் தேர்ந்து, ஸ்டைல் பெயரை வலது கிளிக் செய்து, அப்ளை என்று தொடங்கி தென் நெக்ஸ்ட் ஸ்டைல் என்று முடியும் வரியைத் தேர்ந்தால் மொத்தமும் வரிசையாக விழும்.

கேரக்டர் ஸ்டைல்: எவ்வளவு காலியோ அவ்வளவு நல்லது

‘அழுத்தம்’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைல் வேண்டும். அதில் ஃபான்ட் ஸ்டைல் என்ற ஒரு கட்டத்தில் மட்டும் போல்டு என்று கொடுத்து, எழுத்துரு, அளவு, லீடிங், நிறம் அத்தனையையும் வெறுமையாக விடுங்கள். வெறுமையாக விட்டதை அது பத்தியிலிருந்து எடுத்துக்கொள்ளும். 11 பாயின்ட் உடலிலும் 9 பாயின்ட் அடிக்குறிப்பிலும் ஒரே ஸ்டைல் வேலை செய்யும். அளவையும் சேர்த்து 11 என்று எழுதிவிட்டால் அடிக்குறிப்பில் அந்தச் சொல் மட்டும் பூதமாக எழுந்து நிற்கும். தேர்ந்த சொல்லிலிருந்து ஸ்டைல் உருவாக்கும்போது வேண்டாத குணங்களும் கூடவே ஏறலாம். ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

போல்டு கொடுக்கும் முன் உங்கள் எழுத்துருவில் அந்த எடை (தடிமன்) இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டோ செரிஃப் தமிழில் பல எடைகள் உண்டு. மீரா இனிமையில் ஒன்றுதான். இல்லாத எடையைக் கேட்டால் அந்தச் சொல்லின் பின்னால் இளஞ்சிவப்பு நிறம் விழுந்து எழுத்துரு காணவில்லை என்று வரும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்ந்த வடிவம் கிடையாது. நூல்பெயரை வேறுபடுத்த ‘நூல்பெயர்’ என்ற தனி கேரக்டர் ஸ்டைல் வைத்து, அதற்கு வேறு எடையோ வேறு எழுத்துருவோ கொடுப்பது செயற்கையாகச் சாய்ப்பதைவிடக் கண்ணுக்கு நல்லது.

‘ரோமன்’ என்று இன்னொன்று வையுங்கள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு. தமிழ் எழுத்தோடு சேரும்போது ஆங்கில எழுத்து பெரிதாகத் தெரிவது வழக்கம். அதைக் குறைக்க அளவைப் பாயின்டில் கொடுத்தால் மேலே சொன்ன அதே சிக்கல் வரும். அதற்குப் பதில் அட்வான்ஸ்டு கேரக்டர் ஃபார்மட்ஸில் கிடைமட்ட அளவும் செங்குத்து அளவும் இரண்டையும் 92 சதவீதம் ஆக்குங்கள். உடலானாலும் தலைப்பானாலும் அந்தந்த அளவுக்கு ஏற்ப 8 சதவீதம் சிறுக்கும்.

கிரெப் ஸ்டைலும் நெஸ்டட் ஸ்டைலும்

ரோமன் ஸ்டைலை ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் தேடிக் கையால் போடக் கூடாது. 2008-இல் சிஎஸ்4-உடன் வந்த கிரெப் ஸ்டைல் அதைப் பார்த்துக்கொள்ளும்: நாம் தரும் குறிக்கோவைக்குப் பொருந்தும் உரையைத் தானே கண்டுபிடித்து கேரக்டர் ஸ்டைல் போடும் வசதி அது. தாய் ஸ்டைலில் கிரெப் ஸ்டைல் பக்கம் திறந்து, அப்ளை ஸ்டைல் என்பதில் ரோமனைத் தேர்ந்து, டு டெக்ஸ்ட் என்பதில் ஒரு சதுர அடைப்புக்குள் ஆங்கிலச் சிறிய எழுத்து வரிசையின் முதல் எழுத்து, ஒரு சிறுகோடு, கடைசி எழுத்து, அதையடுத்துப் பெரிய எழுத்துக்கும் அப்படியே எழுதி, அடைப்பை மூடிக் கூட்டல் குறி இடுங்கள். தாயில் வைத்ததால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். விசைப்பலகையின் ஆங்கிலக் குறிகள் அனைத்தையும் பிடிக்கும் [!-~]+ என்ற குறுக்குவழியும் உண்டு. ஆனால் அது தமிழ் வாக்கியத்தின் முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால் புத்தகத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

இன்னொரு நல்ல பயன், பிரியக் கூடாததைப் பிரியாமல் காப்பது. வரிக் கடைசியில் ‘ரூ.’ நின்று, அடுத்த வரியில் ‘250’ தொடங்குவது அடிக்கடி நேரும். ‘பிரியாதே’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைல் உருவாக்கி, அதில் நோ பிரேக் மட்டும் டிக் செய்து, இந்தக் கோவையைக் கொடுங்கள்:

ரூ\. ?[0-9,]+

ஆண்டுகளுக்கு கி\.(பி|மு)\. ?[0-9]+ என்று கொடுத்தால் ‘கி.மு. 300’ சேர்ந்தே நிற்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் சற்று மெல்லிய எழுத்தாக்க \(.+?\) போதும். அதில் உள்ள கேள்விக்குறியை விட்டுவிட்டால் பத்தியின் முதல் அடைப்பிலிருந்து கடைசி அடைப்பு வரை நடுவே உள்ள அத்தனை வாக்கியமும் மெல்லியதாகிவிடும்.

தமிழில் கிரெப் எழுதும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அது நாம் எண்ணுவது போல எழுத்தை எண்ணாது. நமக்கு ‘மு’ ஓரெழுத்து; கிரெப்புக்கு அது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு. ‘ஓரெழுத்து’ என்ற பொருளில் ஒற்றைப் புள்ளி வைத்தால் குறியை விட்டுவிட்டு மகரத்தை மட்டும் பிடிக்கும். டிராப் கேப் (பத்தியின் பெரிதாக்கிய முதல் எழுத்து) வைக்கும் புத்தகத்திலும், ‘கொ’, ‘தீ’ போன்றவற்றில் தொடங்கும் அத்தியாயங்களைத் தனியே ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நேர்காணல் நூலில் ‘கேள்வி:’ என்பது வரை தடிமனாக வர நெஸ்டட் ஸ்டைல் எளிது. அந்தப் பாரா ஸ்டைலில் டிராப் கேப்ஸ் அண்ட் நெஸ்டட் ஸ்டைல்ஸ் பக்கத்தில் நியூ நெஸ்டட் ஸ்டைல் கொடுத்து, அழுத்தம், த்ரூ, 1, கடைசிக் கட்டத்தில் நாமே தட்டிய முக்காற்புள்ளி என்று நிரப்பவும். த்ரூ என்றால் முக்காற்புள்ளியும் தடிக்கும், அப் டு என்றால் அதற்கு முன் நிற்கும். ஒரு பத்தியில் முக்காற்புள்ளியே இல்லையென்றால் பத்தி முழுவதும் தடித்துவிடும். இதைக் குற்றமாக நினைக்க வேண்டாம்: தட்டச்சில் முக்காற்புள்ளி விடுபட்ட இடத்தை மெய்ப்புக்கு முன்பே அது காட்டிக்கொடுக்கிறது.

வேர்டு கோப்பு வந்து இறங்கும்போது

முழு வேலையிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம் இது. ஆசிரியர் வேர்டில் தந்த கோப்பில் தடிமன், சாய்வு, ஐந்து வகை எழுத்துரு, வெற்று என்டர்கள் எல்லாம் இருக்கும். அதில் ஆசிரியர் வேண்டுமென்றே செய்த அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு, குப்பையை மட்டும் கொட்ட வேண்டும். வரிசை மாறினால் அழுத்தமும் குப்பையோடு போய்விடும்.

கன்ட்ரோல் டி அழுத்திக் கோப்பைத் தேர்ந்து, ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ் டிக் செய்து திறங்கள். ரிமூவ் ஸ்டைல்ஸ் அண்ட் ஃபார்மட்டிங் என்பதைத் தேர்ந்து, அதன் கீழுள்ள பிரிசர்வ் லோக்கல் ஓவர்ரைட்ஸ் என்பதையும் டிக் செய்யுங்கள். எழுத்துரு போகும், தடிமனும் சாய்வும் தங்கும். ஆசிரியர் வேர்டிலேயே ஸ்டைல் பயன்படுத்தியிருந்தால் மட்டும் கஸ்டமைஸ் ஸ்டைல் இம்போர்ட் வழியே போய், ஸ்டைல் மேப்பிங்கில் நார்மல் என்பதை உடலுக்கும், ஹெடிங் 1 என்பதை அத்தியாயத் தலைப்புக்கும் நேராகப் பொருத்திவிடலாம்.

உரை இறங்கியதும் மொத்தத்துக்கும் உடல் ஸ்டைலைப் போட்டு, பிறகு தலைப்புகள், மேற்கோள்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரியும். அந்தப் பத்தியில் ஸ்டைலை மீறிய ஏதோ ஒன்று கையால் செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயரின் மேல் மவுஸை நிறுத்தினால் என்ன மீறல் என்பதும் தெரியும்.

இப்போது மீறலைத் துடைக்கக் கூடாது. முதலில் கன்ட்ரோல் எஃப். ஃபைண்டு வாட் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். ஃபைண்டு ஃபார்மட்டில் ஃபான்ட் ஸ்டைல் போல்டு என்றும், பாராகிராஃப் ஸ்டைல் உடல் என்றும் இரண்டையும் கொடுங்கள். சேஞ்ச் ஃபார்மட்டில் கேரக்டர் ஸ்டைல் அழுத்தம். பிறகு சேஞ்ச் ஆல். உடல் என்று குறிப்பிடுவதை விட்டுவிட்டால், ஸ்டைலாலேயே தடித்த தலைப்புகளையும் பிடித்து அவற்றின் மேலும் அழுத்தத்தைப் போட்டுவிடும். நாளைக்குத் தலைப்பை மெல்லிய எடைக்கு மாற்றும்போது அவை மாறாமல் நின்று காரணம் தெரியாமல் தவிக்க வைக்கும். மேற்கோளுக்கும் அடிக்குறிப்புக்கும் இதையே ஒவ்வொரு முறை ஓட்டுங்கள். சாய்வை ‘நூல்பெயர்’ ஆக்கவும், மேலே ஏற்றிய எண்களை ‘மேற்குறி’ ஆக்கவும் இதே வழி.

எல்லாம் கேரக்டர் ஸ்டைலாக மாறிய பிறகு, கன்ட்ரோல் ஏ கொடுத்து, பாராகிராஃப் ஸ்டைல்ஸ் பேனலின் அடியில் உள்ள கிளியர் ஓவர்ரைட்ஸ் பொத்தானை அழுத்துங்கள். கையால் செய்ததெல்லாம் போகும், கேரக்டர் ஸ்டைல்கள் தங்கும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டைல் பெயரைக் கிளிக் செய்தாலும் மீறல் துடைபடும். ஆனால் எல்லாவற்றையும் தேர்ந்திருக்கும்போது அதைச் செய்தால் தலைப்பு, கவிதை எல்லாம் அந்த ஒரே ஸ்டைலாகிவிடும். ஒற்றைப் பத்திக்கு மட்டும் ஆல்ட். ஆல்ட்டோடு ஷிஃப்ட்டும் சேர்ந்தால் கேரக்டர் ஸ்டைலும் போய்விடும்.

மிச்சம் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க, பேனலின் மேல்பக்கத்தில் சதுர அடைப்புக்குள் சின்ன ஆங்கில ஏ-வும் கூட்டல் குறியும் உள்ள பொத்தானை அழுத்துங்கள். மீறல் உள்ள இடங்களுக்கெல்லாம் வண்ணம் தீட்டிக் காட்டும். அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை இப்படிப் பக்கம் புரட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

ஒரு ஸ்டைலைத் திருத்த அதன் பெயரை இரட்டைக் கிளிக் செய்தால், திறக்குமுன் கர்சர் இருக்கும் பத்திக்கு அது போடப்பட்டுவிடும். வலது கிளிக் செய்து எடிட் கொடுப்பதே சரி. எதுவும் தேர்ந்திருக்காதபோது ஒரு கேரக்டர் ஸ்டைலைத் தொட்டுவிட்டால், இனி வரையும் ஒவ்வொரு பெட்டியிலும் அதுவே தொடக்கமாகும். புதுப் பெட்டியில் எழுத்து ஏனோ தடித்தே வருகிறது என்றால், எல்லாத் தேர்வையும் விட்டுவிட்டு கேரக்டர் ஸ்டைல்ஸ் பேனலில் நன் என்பதை ஒருமுறை கிளிக் செய்யுங்கள்.

பக்கத்திலேயே ஒரு பத்தியை அழகாக்கிப் பார்த்து, கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தினால் அந்த மாற்றம் ஸ்டைலுக்குள் ஏறிவிடும். அருமையான வசதி. கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்: கையால் தடித்த ஒரு சொல்லுக்குள் நின்றிருந்தால் புத்தகம் முழுக்கத் தடித்துவிடும்.

வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது, ‘உடல்’ என்ற பெயர் இரண்டிலும் இருந்தால், எந்தக் கோப்பில் ஒட்டுகிறோமோ அதன் உடல்தான் வெல்லும். அதனால்தான் ஒரு பதிப்பகத்தின் எல்லாப் புத்தகத்திலும் ஒரே பெயர் வரிசையை வைத்துக்கொள்வது பெரிய லாபம். ஒரு கோப்பின் ஸ்டைல்களை இன்னொன்றுக்குக் கொண்டுவர பேனல் மெனுவில் லோட் ஆல் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் உண்டு. பெயர் மோதினால் எந்தப் பக்கத்து விளக்கம் வேண்டும் என்று அது கேட்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து புக் பேனலில் சேர்த்திருந்தால், ஒரு கோப்பை ஸ்டைல் சோர்ஸ் ஆக்கி சின்க்ரனைஸ் செய்யலாம். மற்ற கோப்புகளில் அதிகப்படியாக இருக்கும் ஸ்டைல்களை அது நீக்காது. அவற்றை செலக்ட் ஆல் அன்யூஸ்டு கொடுத்துப் பார்த்து நாமேதான் அழிக்க வேண்டும்.

பழைய எழுத்துருக் கோப்பு வந்தால்

பாமினி போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் அமைந்த கோப்பு இன்றும் மறுபதிப்புக்கு வரும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். அதற்குத் தனித் தாய் ஸ்டைல் வேண்டும்: மொழி நோ லாங்குவேஜ், ஹைஃபனேஷன் இல்லை, கம்போசர் சாதாரணமானது. மொழியை ஆங்கிலமாக விட்டால் ஆங்கில விதிப்படி சொல்லை உடைத்து, கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் விடும். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஒருங்குறிக்காக எழுதிய கிரெப் கோவை ஒன்று அரைப்புள்ளியைத் தேடினால் எல்லா மெய்யெழுத்தையும் பிடித்துக்கொள்ளும். நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக்கும் டைப்போகிராஃபர்ஸ் கோட்ஸ் என்பதையும் பிரெஃபரன்சஸில் அணைத்துவிடுங்கள், மேற்கோள் விசைகளிலும் தமிழ்க் குறிகள் உட்கார்ந்திருக்கலாம். ஒருங்குறிக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் ஸ்டைல் வேலையை மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

பொருளடக்கம்

ஸ்டைல் ஒழுங்காக இருந்தால் பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. லே-அவுட் மெனுவில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் திறந்து, அத்தியாயத் தலைப்பை உள்ளே சேர்த்து, என்ட்ரி ஸ்டைலாக ‘பொருளடக்க வரி’ என்ற பாரா ஸ்டைலைக் கொடுங்கள். அதில் வலது ஓரத்தில் ஒரு டேப் நிறுத்தம் வைத்து, லீடர் கட்டத்தில் ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும் இட்டால் பக்க எண் வரை புள்ளிகள் ஓடும். தலைப்பை இரண்டு வரியாக உடைக்க ஷிஃப்ட் என்டர் போட்டிருந்தால் அந்த உடைப்பு இங்கேயும் வந்து நிற்கும். ரிமூவ் ஃபோர்ஸ்டு லைன் பிரேக் டிக் செய்தால் நேராகும். அப்போது இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தலைப்பில் ஷிஃப்ட் என்டருக்கு முன் ஓர் இடைவெளி விட்டிருக்க வேண்டும். பக்கம் நகரும் ஒவ்வொரு முறையும் பொருளடக்கப் பெட்டியைத் தேர்ந்து அதே மெனுவில் அப்டேட் கொடுக்க வேண்டும், அது தானாக மாறாது. பொருளடக்க வரிகளில் கையால் செய்த திருத்தம் எதுவும் அப்டேட்டில் தங்காது; திருத்த வேண்டியதை அத்தியாயத்தின் தலைப்பிலோ ஸ்டைலிலோ திருத்துங்கள்.